விழுந்தாலும் உடையாத டிஸ்க்

2009-இல் என் மகள் பூஞ்சேரி திருப்பத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். குறுக்கே வந்தது ஓர் ஆடு. ஆட்டுக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. முதுகுப்பையில் இருந்த லேப்டாப்புக்குத்தான் சரியான அடி.

இப்படி வரிசையாக, நிதானமாக இன்றைக்கு எழுத முடிகிறது. அன்று அவளுடைய செல்போனிலிருந்து யாரோ ஒருவர் பேசினார். "பயப்படாதம்மா, உன் பொண்ணு நல்லாத்தான் கீது." முன்பின் தெரியாத குரல் பயப்படாதே என்றால் பயப்படாமல் என்ன செய்வது? நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மனித உடலின் எலும்புகளை மண்டையிலிருந்து கால்விரல் வரை மனப்பாடமாகச் சொல்வேன். பேருந்து எங்கள் ஊரான மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் அவள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, லேப்டாப்பைக் காதில் வைத்திருந்தாள்.

"டிக் டிக்னு சத்தம் வருதும்மா. டிஸ்க் போச்சு."

"கால் எப்படிடி இருக்கு?"

"கால் கிடக்குது. எட்டு மாசமா ஆடின கேம் மொத்தம் போச்சு."

சிறுசேரியில் அவளுக்கு முதல் வேலை. தினமும் வண்டியில்தான் போவாள். வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு உட்கார்ந்து விளையாடுவதற்காக அந்த லேப்டாப்பும் கூடவே போகும். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போயேன் என்று கெஞ்சினேன். "அது ஆறரைக்கே வந்துரும்மா. யாரு எழுந்திருக்கிறது?" என்றாள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் திங்கட்கிழமை அவள் வண்டியில் ஏறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

சனிக்கிழமை செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரருடைய பெண்ணுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மரியாதையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ரெண்டு வகை கீது டீச்சர். இது சாதா ஹார்டு டிஸ்க். உள்ளார தட்டு சுத்திகினே இருக்கும். சுத்தறப்ப அடி பட்டா காலி. இது புதுசு, எஸ்.எஸ்.டி. உள்ள சுத்தறதுக்கு ஒண்ணுமே கெடையாது. சிப்பு மட்டும்தான்."

சொல்லிக்கொண்டே அந்தப் புதியதை மேசை உயரத்திலிருந்து தரையில் போட்டார். டக்கென்ற சத்தத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"பாத்தியாம்மா? விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள் மகள்.

"நீ விழுந்தா?"

கடைக்காரர் குனிந்து டிஸ்கைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் கொஞ்ச நேரம் இருந்தார்.

அதன் அருமை பெருமைகள் எல்லாம் உண்மைதான். கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடுமாம். விளையாட்டில் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகக் காத்திருக்க வேண்டாமாம். ஆனால் ஏறக்குறைய ஒரு பவுன் விலை. இடமோ அறுபத்து நான்கு ஜி.பி.தான். அதைப்போல ஐந்து மடங்கு கொள்ளும் சாதா டிஸ்க் கால்வாசி விலைக்குக் கிடைத்தது.

"ஒன் சம்பளம், ஒன் இஷ்டம் பாப்பா" என்றார் கடைக்காரர். "ஆனா விண்டோஸ் போட்டு, ரெண்டு கேமு போட்டியானா ரொம்பிடும். போட்டோ, பாட்டு எல்லாம் எங்க வெப்ப? ரெண்டு மூணு வருஷம் போவட்டும், வெல எறங்கும். அப்ப வா."

எனக்குத் திடீரென்று ஒரு யோசனை. உடையாத டிஸ்கை வாங்கிக் கொடுத்தால் இவள் இன்னும் தைரியமாக விழுவாள். உடைகிறதை வாங்கினால், தன் முட்டிக்காக இல்லாவிட்டாலும் அந்த விளையாட்டுக்காகவாவது பஸ்ஸில் போவாள்.

"சுத்தறதே வாங்கிக்கோடி. இடமும் நிறைய, காசும் மிச்சம்" என்றேன், பொருளாதாரம் படித்தவளைப் போல.

கடைக்காரர் சிரித்தார். "இன்னா டீச்சர், ஊர்ல அம்மாங்க எல்லாம் ஒடையாததா கேப்பாங்க. நீங்க ஒடையறதா பாத்து வாங்கித் தரீங்க."

மகள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். இடம்தான் ஜெயித்தது. சாதா டிஸ்கே மாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லேப்டாப்பை மடியில், குழந்தையைப்போல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஞாயிறு முழுக்க விளையாட்டை முதலிலிருந்து ஆடினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. உயிரியல் படித்தவளுக்கு மனோதத்துவமும் கைவந்துவிட்டதே என்று.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவளுக்கு டிபன் கட்டி வைத்தேன். ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஏழரைக்கு அவள் முட்டியில் போட்ட கட்டைச் சரிசெய்துகொண்டு, ஹெல்மெட்டோடு வந்தாள். முதுகில் பை இல்லை.

"லேப்டாப் எங்கடி?"

"பெட்டுல வெச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சு. அதைத் தூக்கிட்டு வண்டியில போக முடியுமாம்மா? உள்ள தட்டு சுத்துது."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். செல்போனைப் பையில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"வந்துட்டேன்னு சொல்லத்தான் கொடுத்தேன். எதுக்கும்மா காசை வேஸ்ட் பண்றே?"

"டிஸ்க் நல்லா ஓடுதான்னு கேக்கலாம்னுதான்" என்றேன்.

"அது வீட்ல தூங்குதும்மா" என்றாள். உடனே போனை வைத்துவிடவில்லை. "மெதுவாதான் வந்தேன்" என்றாள்.