ஆடு தின்ற பட்டியல்

நேற்றுக் காலை வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியில் மைதாப் பசை. தேய்ந்த துடைப்பத்தால் சுவரில் ஓர் இழுப்பு, அதன்மேல் காகிதம், மறுபடி ஓர் இழுப்பு. லேசாகப் புளித்த அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அலுவலகத்துக்குப் போக அங்கே இறங்கிய நான் அவரைப் பார்த்தபடி கைபேசியை இறுகப் பிடித்து நின்றேன். கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் பாதி திறந்திருந்தது; மீதிக்கு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. திறந்த பாதியில் என் மகளின் பெயர் இல்லை. மலையில் சிக்னல் அப்படித்தான் என்று தெரியும். தெரிந்து என்ன, திரையை மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தேன்.

அவள் கேட்டது பி.ஏ. பொது நிர்வாகம். விண்ணப்பத்தில் அது ஒன்றைத்தான் குறித்தாள். "வணிகவியலையும் ரெண்டாவதா போட்டு வை பாப்பா, எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு வாரம் பின்னாலேயே அலைந்தேன்.

"நீ மட்டும் இன்னா வணிகவியலா படிச்ச? அரசியல் அறிவியல் படிச்சிட்டுத்தான ஒன்றிய ஆபீசுல குந்திகினு இருக்க?" என்றாள்.

அதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இந்தப் பசை வாசனைக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குப் போவார்கள். வெட்டு இல்லாத நாளில் அம்மாவுக்கு நாலு ஆடுகள். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தெருவுக்கு விளக்குக் கேட்டு நான் ஒரு மனு எழுதினேன். எழுதியது ஒரு பக்கம், பெறுநர் அனுப்புநர் விலாசமே அரைப் பக்கம். ஆனாலும் விளக்கு வந்துவிட்டது! அதிலிருந்து தெருவில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் நான்தான் மனு. முதியோர் உதவித்தொகைக்கு, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, அடிபம்பு பழுதுக்கு. "கீழ கையெழுத்தும் சீலும் இல்லாத காகிதத்த வாங்கிகினு வராதீங்க, அது செல்லாது" என்று பெரியவர்களுக்கே பாடம் சொல்வேன். அவ்வளவு மிதப்பு. அந்த மிதப்பில்தான் கல்லூரியில் அரசியல் அறிவியல் கேட்டேன். அந்த அலுவலகங்களின் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஒரு தபாதான். சீட்டு கெடைச்சா படி. இல்லன்னா அம்மாகூட வெட்டுக்குப் போ."

கல்லூரி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. பட்டியல் ஒட்டுகிற நாளிலேயே, மாலை நான்கு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். பெற்றோர் கைநாட்டு தேவை என்பதால் அம்மாவும் வந்தாள். முதல் பஸ் பழுதாகி நின்றதில் நாங்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அலுவலகத்தின் வெளிச்சுவரில் நீளநீளமாகத் தாள்கள். ஒவ்வொன்றும் தலைக்கு மேலிருந்து முழங்கால்வரை. ஈரப் பசை வாசனை.

என் பாடத்துக்கான தாளை மேலிருந்து கீழ்வரை படித்தேன். கீழிருந்து மேலாகவும் படித்தேன். பெயர் இல்லை. சுவரைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாடி?"

"இல்லம்மா. வா, வூட்டுக்குப் போலாம்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து, நான் படித்து முடித்த இடத்தை விரலால் தடவினாள். தாளின் கீழ் ஓரம் கந்தலாக இருந்தது. அதற்கும் கீழே சுவர் நக்கி வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது.

"யாரோ கிழிச்சிருக்காங்க, வாம்மா."

"கை கிழிச்சா ஒரே இழுப்பா வரும். மாடா இருந்தா நாக்கால சுருட்டி முழுசா இழுத்துகினு போயிருக்கும். இது ஆடு. உதட்டால கவ்விக் கவ்வி துன்னிருக்குது பாரு. அழுவாத, மூக்கத் தொடச்சிகினு வா."

கூச்சத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு நேரே எழுத்தர் மேசைக்கே போய்விட்டாள்.

"சாமி, உங்க பட்டியல ஆடு துன்னுட்டு போயிருக்குதுங்க."

எழுத்தர் நிமிரவே இல்லை. "பட்டியல்ல பேரு இல்லன்னா சீட்டு இல்லம்மா. இதுக்கு ஆட்ட ஏன் இழுக்குற?"

"ஆட்ட நான் இழுக்கலைங்க. அதுதான் தாள இழுத்திருக்குது. நீங்களே வந்து பாருங்க. புழுக்கைகூட கெடக்குதுங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததாலேயே அவர் எழுந்து வந்தார். தாளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, பிரின்சிபால் கையெழுத்து, சீல் எதுவும் இல்லாம பட்டியல் எப்படி முடியும்? பிளஸ் டூ படிச்ச பொண்ணுக்கு இது தோணலையா?" என்றார். தெருவுக்கெல்லாம் பாடம் சொன்னவள் நான்.

உள்ளே கார்பன் பிரதி இருந்தது. அதில் கீழிருந்து மூன்றாவது பெயர் என்னுடையது. அம்மா கைநாட்டு வைத்தபோது நான்கு மணியாக இன்னும் சிறிது நேரம்தான் இருந்தது. கட்டை விரல் மையைத் தலையில் தேய்த்துக்கொண்டே, "சினையாடுடி அது. அதான் அந்தப் பசி" என்றாள், ஏதோ நம் வீட்டு ஆட்டுக்காக வக்காலத்து வாங்குவதுபோல.

பஸ் நிறுத்தத்தில் கைபேசி அடித்தது. கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்து மகள்.

"ம்மா! கடைசிப் பக்கத்துல இருக்குது எம் பேரு! நீ பாக்கலையா?" சற்று நிறுத்தி, "அழுவுறியா?" என்றாள்.

"இல்ல பாப்பா. இங்க காத்து ஜாஸ்தி."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வணிகவியல் வேறொரு பிள்ளைக்குப் போகட்டும்.

இப்போது எந்தக் கல்லூரிச் சுவரிலும் அப்படிப் பட்டியல் ஒட்டுவதாகத் தெரியவில்லை. முண்டியடித்து நிற்கும் கூட்டமும் இல்லை, முன்பின் தெரியாத ஒருவர் நம் பெயரை உரக்கப் படிப்பதும் இல்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நேற்று கைபேசியில் பாதியில் நின்ற அந்தப் பக்கத்தின் ஓரத்தை வெகுநேரம் பார்த்தேன். கத்தரித்ததுபோல நேராக இருந்தது. எது தின்றது என்று அம்மாவாலும் சொல்லியிருக்க முடியாது.