ஊசி போடாத டீச்சர்

பாளையங்கோட்டையில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். என்னிடம் ஊசியே கிடையாது. ஆனாலும், "ஒழுங்கா சாப்பிடு, இல்லேன்னா டீச்சர் ஊசி போட்டுருவாவ" என்று வீட்டுக்கு வீடு என் பெயரைச் சொல்லித்தான் சோறு ஊட்டுகிறார்கள்.

மூன்று வயது ஜெசி, சேர்ந்த நாளிலிருந்தே என்னைக் கண்டால் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சுண்டல் கொடுத்த பிறகு, மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மூக்குல கடலைய போட்டுட்டா டீச்சர்" என்று இன்னொரு குழந்தை சொன்னதும் எனக்குப் பகீரென்றது. கிட்டே போனேன். "ஊசி வேண்டாம் டீச்சர்!" என்று அலறி, விம்மி விம்மி மூச்சை இழுத்தாள். கடலையும் உள்ளே போனது. மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால்?

நல்லவேளையாக டாக்டர் எடுத்துவிட்டார். பதறி ஓடிவந்த அவள் அம்மா, "சும்மா பயங்காட்டத்தான் சொன்னேன் டீச்சர்" என்கிறார். சும்மாவாம்!

இப்போதெல்லாம் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம், "என் பேரைச் சொல்லிப் பயங்காட்டுனா பிள்ளைய இங்கன விடாதீங்க" என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுகிறேன். புதுப் பிள்ளை தானாக என் மடிக்கு வரும்வரை தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். ஜெசி வருவதற்கு வெகுநாள் பிடித்தது.

போன வாரம் வாசலில் அவள் அம்மா, "ஏட்டி, அழுதேன்னா போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயிரும்" என்கிறார். இவர்களை என்னதான் செய்வது?

ஜெசி என் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர் விடமாட்டாவ."