மூன்று ஸ்கிரீன் லேயர்

சனத்நகரில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு லேபில் பதினாறு வருஷமாகப் படங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். காலையில் நான் செருப்பைத் தேடும்போதே, "வெள்ளையடிக்கக் கெளம்பியாச்சா?" என்பாள் மனைவி.

வேலை அதுதான். இருட்டான படத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதன் மேலேயே ஒரு லேயராக வைத்து, ஸ்கிரீன் என்ற முறைக்கு மாற்றினால் வெளிச்சத்தோடு வெளிச்சம் கூடிப் படம் பளிச்சென்று ஆகிவிடும். போதவில்லையென்றால் இன்னொரு லேயர். மல்டிப்ளை என்று ஒன்று இருக்கிறது, அது நேர்மாறு. வெளிறியதைக் கறுக்க வைக்கும். முகத்துக்கு அதைக் கேட்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. "கொஞ்சம் தெல்லகா செய்யண்டி" என்று தெலுங்கில் கேட்டுத்தான் வருவார்கள், வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று. கறுத்த முகத்தைக் கண்டால் என் விரல் யாரையும் கேட்காமல் இரண்டு லேயர் போட்டுவிடும்.

என் மனைவி நல்ல கறுப்பு. எங்கள் கல்யாண ஆல்பத்தில் எவனோ அவளை மாவில் புரட்டி எடுத்ததுபோல ஆக்கி வைத்திருந்தான். "இது யாரு, ஒங்க மொத பொண்டாட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அதன் பிறகு கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதையும் நான் தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவள் முகம் முழுசாக விழுந்த படம் ஒன்றே ஒன்று. போவன்பள்ளி மார்க்கெட்டில், தார்ப்பாய் நிழலில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே யாரிடமோ வாயடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவளை எங்கள் மகள் அவள் போனிலேயே, அவளுக்கே தெரியாமல் எடுத்தது. போன வருஷம் நாலு நாள் காய்ச்சலில் மனைவி போய்விட்டாள். அவள் போனில் இருந்ததையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் ஒன்றும் மிச்சமில்லாமல் அழித்து மகளிடம் கொடுத்தேன்.

வருஷத் திதிக்கு ஃபிரேம் போட அந்தப் படத்தைத் திறந்தேன். நிழலில் எடுத்ததால் இருட்டாக இருந்தது. அழுதுகொண்டே செய்தேன், கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லலாம். பொய். அழவில்லை, வேலை செய்தேன். ஸ்கிரீன் ஒன்று, இரண்டு, மூன்று. லேயர்களை ஒன்றாக்கி, பழைய படத்தின் மேலேயே அதே பெயரில் சேமித்து மூடினேன். லேபில் என்றால் அசலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடுவோம். இது வீட்டுப் படம்தானே என்று விட்டுவிட்டேன்.

பிரிண்ட் போட்டு எடுத்துவந்ததை மகள்தான் பிரித்தாள். பதினொரு வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். "அம்மா இலா லேது," என்றாள். அம்மா இப்படி இல்லை. அப்போதுதான் நானும் பார்த்தேன். மாவில் புரட்டிய அதே முகம். இந்தத் தடவை புரட்டியவன் நான்.

அன்றிலிருந்து மல்டிப்ளை போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். கறுப்பு ஏறுகிறது, அவள் வரவில்லை. வெளுத்து அழிந்துபோன நெற்றியிலும் கன்னத்திலும் சாம்பல் அப்பியதுபோல நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கா, இங்கா" என்பாள். இன்னும், இன்னும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அதையும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமாம்மா?" என்றேன்.

"குர்த்து ராலேது அப்பா."

ஞாபகம் வரவில்லையாம். எனக்கும் வரவில்லை. பதின்மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தவளின் நிறம் எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. குழந்தை பார்க்கிறாளே என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

நான் படும் பாட்டைப் பார்த்து அவளாகவே தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினாள், அதை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தக் கை என் நிறம், வெளுப்பு. அவள் பிறந்த அன்று நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது, "அப்பாடா, என் கலர்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மனைவி கட்டிலில் கண் விழித்துத்தான் படுத்திருந்தாள்.