ஐந்து கையும் பட்ட பிறகு

பாஸ்கெட்பால் கோச் வேலையில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பது கால் பங்கு; மீதி முக்கால் பங்கும் ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்க வைக்கிற வேலை. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வெயிலில் கறுத்துப்போன சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தினமும் திருத்தணியில் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து, ஒரு ஜூனியர் காலேஜில் பெண்கள் டீமைப் பார்த்துக்கொள்கிறவள் நான். போன வருஷத்து டீமைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியுமா தெரியவில்லை.

தெருமுனை பஸ்

ரேவதி நகரியில் இருந்து வருகிற பெண். வீட்டில் பவர்லூம். பத்து வருஷத்தில் அவளைப் போல ஒரு கை எனக்குக் கிடைத்ததில்லை. இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது நம்ம ப்ளஸ் டூ, ஆரம்பித்ததும் அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, என்னைப் பார்க்க வந்தார். சட்டையெல்லாம் நூல் பஞ்சு. சேர் போட்டும் உட்காரவில்லை.

நான் விவரம் சொன்னேன். சித்தூரில் நடக்கிற மண்டலப் போட்டியில் ஜெயித்தால் டீம் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடினால் சர்டிஃபிகேட். சர்டிஃபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டிகிரிக்கு இலவச சீட், ஹாஸ்டலோடு. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கெடச்சா படிக்கட்டும் மேடம், நான் வாணான்னு சொல்லல. கெடைக்கலன்னா ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு வேலைக்கு ஆள் ஏத்தற பஸ்ஸு எங்க தெருமுனையிலயே வந்து நின்னுக்கினு கீது."

கண் தெரிந்தவள்

லாவண்யா புத்தலப்பட்டுப் பக்கம். வேர்க்கடலை பயிர் வைக்கிற வீடு, பேச்சு தெலுங்கு, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நல்ல உயரம். கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்கினால் போதும். டீமே இரண்டாக உடைந்து கிடந்தது. நகரி பஸ்ஸில் வருகிறவர்கள் ரேவதி பின்னால், ஹாஸ்டல்காரிகள் லாவண்யா பின்னால். தண்ணீர் கேனுக்குக்கூட இரண்டு வரிசை.

ஒரு பிராக்டிஸ் ஆட்டத்தில் லாவண்யா கூடைக்கடியில் தனியாக நிற்கிறாள். ரேவதியை மூன்று பேர் மறித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மகராசி பாஸ் கொடுக்காமல் எங்கிருந்தோ எறிந்தாள். பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் விசிலைக் கடித்தே விட்டேன். "ஏண்டி, அவ நிக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தெரிஞ்சுது மேடம். அதான் குடுக்கல."

கூட்டுச் சாப்பாடு

ஒன்றாகச் சாப்பிட்டால் ஒற்றுமை வரும் என்று எங்கோ படித்திருந்தேன். எல்லா டப்பாவையும் வாங்கிக் கலைத்து, நகரிச் சோறு ஹாஸ்டல்காரிக்கு, ஹாஸ்டல் புளிஹோரா நகரிக்காரிக்கு என்று மாற்றிக் கொடுத்தேன். வேப்ப மரத்தடியில் ஒருத்தி விட்டு ஒருத்தியாக உட்காரவும் வைத்தேன். பன்னிரண்டு பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். புளிஹோரா ஒரு வாய் குறையவில்லை. நான் ஆபீஸ் ரூம் வரை போய்த் திரும்புவதற்குள் எல்லாம் மரத்தடியில் கொட்டிக் கிடந்தது.

கிரவுண்டைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தது. "கெலிக்கறீங்களோ இல்லியோ மேடம், காக்காங்க நல்லா துன்னுதுங்க."

சட்டம்

இனிமேல் கொஞ்சிப் பிரயோஜனமில்லை என்று ஒரு சட்டம் போட்டேன். பந்து கைக்கு வந்தால் ஆடுகிற ஐந்து பேர் கையிலும் பட்ட பிறகுதான் கூடையில் போடலாம். நாலு கை பட்டுப் போட்டால் அந்தப் பாயிண்ட் செல்லாது. தப்புச் செய்தவள் சும்மா நிற்பாள், மற்ற எல்லோரும் கிரவுண்டை ஐந்து சுற்று ஓட வேண்டும். தான் ஓடுவதைவிட, தன்னால் மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பது கொடுமை. அதுதான் என் கணக்கு.

முதல் வாரம் என்னைச் சபித்துக்கொண்டே ஓடினார்கள். ரேவதி பிடிவாதமாக மூன்று நாள் நாலு கையிலேயே போட்டாள். நாலாம் நாள் தப்புச் செய்தது வேறொருத்தி. ஓடும்போது ரேவதிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள். அவள் தோழிகளெல்லாம் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரு சுற்று முன்னால் போயிருந்த லாவண்யாதான் திரும்பி வந்தாள். அவள் காலைப் பிடித்து நீவி, தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "ரா ரேவதி, நேனுன்னா கதா." வா, நான்தான் இருக்கிறேனே என்றாள்.

தறி வீட்டில் விருந்தாளி

அதற்கப்புறம் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. ஒரே பாட்டிலில் தண்ணீர், ஒரே சீப்பு. டீமும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. பந்து ஐந்து கையும் சுற்றி வருவதைப் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும். பொங்கல் லீவுக்கு லாவண்யா ஊருக்குப் போகாமல் நகரிக்குப் போனாள். தடதடவென்று தறி ஓடுகிற வீட்டில் மத்தியானம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினாளாம். லீவு முடிந்து நான் வந்த பஸ்ஸிலேயே அவளை ஏற்றிவிட வந்த ரேவதியின் நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னா மேடம், பந்து ஆட அனுப்சா கூடப் பொறந்தவள சேத்து அனுப்பிக்கீறீங்க!"

எதிர் டீம் கோச்

சித்தூரில் மண்டலப் போட்டி. எதிர்த்து நின்ற டீமின் கோச் என்னைப் போலவே விசில் கட்டி முதுகு வளைந்தவர். அவருடைய டீமில் ஒரு பெண், பந்து கிடைத்தால் யாருக்கும் கொடுக்க மாட்டாள். மற்ற நாலு பேரும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஆடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடைவேளையில் அவரிடம் போய், "எங்க பசங்களைப் பார்த்தீங்களா, ஐந்து பேரும் ஒரே ஆள் மாதிரி," என்று வாய் நிறையச் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னார்: "பாத்தேன் மேடம், அழகா கீது. என் பொண்ணு ராட்சசி. ஆனா அவளுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல."

ஏழு விநாடி

கடைசியில் ஒரு பாயிண்ட் பின்தங்கி இருந்தோம். ஏழு விநாடி பாக்கி. பந்து எங்கள் கையில். ஒருத்தி எறிந்தாள், இன்னொருத்தி வாங்கினாள், மூன்றாமவளுக்குப் போனது. அங்கிருந்து ரேவதிக்கு. ரேவதி எங்கே நின்றாள் தெரியுமா? கூடைக்கு நேர் கீழே. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும்.

லாவண்யா அந்தப் பக்கம் ஓரத்தில் மறிபட்டு நின்றாள். ரேவதி தலையைத் திருப்பி அவளைத் தேடினாள். "போடுடி! போட்டுத் தொலைடி!" என்று கத்தினேன். லாவண்யாவும்தான் கத்தினாள், வெய்யி, வெய்யி, போடு போடு என்று. அதற்குள் பந்து ரேவதியின் கையை விட்டு லாவண்யாவை நோக்கிக் கிளம்பிவிட்டது. நடுவழியில் ஆட்டம் முடிந்த ஹாரன் அடித்தது.

நான் கோர்ட்டுக்குள் ஓடி அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அடித்திருப்பேன், கை வரைக்கும் வந்துவிட்டது. ஏண்டி போடல, ஏண்டி போடல என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. விரல் நான்கை நீட்டிக் காட்டினாள்.

"நாலு கைதான் பட்டுச்சு மேடம்."

மறுபடியும் தெருமுனை

சட்டம் போட்டவள் நான். எப்போது மீறலாம் என்று சொல்லாமல் விட்டவளும் நான். திரும்பி வருகிற பஸ்ஸில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ரேவதி மடியில் தலை வைத்து லாவண்யா அழுதாள், ரேவதி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். லாவண்யாவை அவள் அப்பா பணம் கட்டி டிகிரியில் சேர்த்துவிட்டார். பந்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ரேவதியைப் போன மாதம் பார்த்தேன். காலையில் என் பஸ் நகரியில் நின்றபோது தெருமுனையில் கம்பெனி யூனிஃபார்மோடு நின்றிருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. நான் இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "வேலை எப்படிடி இருக்கு?" என்பதுதான்.

"கஷ்டமில்ல மேடம். லைன்ல ஒக்காந்து, நம்ம கை வேல முடிஞ்சதும் பக்கத்துல இருக்கறவளுக்குத் தள்ளணும், அவ்ளோதான். நல்லா தள்றேன்னு சூப்பர்வைசரு சொல்லிக்கினு கீறாரு. உங்க பேரத்தான் சொன்னேன்."

ஆகவே சக பாவிகளே, ஐந்து கை சட்டத்தில் கடைசி நிமிஷத்துக்கு மட்டும் விலக்கு என்று இந்த வருஷம் போர்டில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறேன், படிக்க வேண்டியவள்தான் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள்.