எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டவர்

கிரேஸம்மா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு டாக்சியின் பின் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தார். சரி என்று வைத்துவிட்டு மிச்சமிருந்த ஓரத்தையும் தைத்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை. வெளியே வந்தால், எங்கள் இருவர் கடைக்கும் பொதுவான தகரக் கொட்டகையில் அவருடைய சாம்பல் நிறக் கார் எப்போதும்போல நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் கார் வைத்திருக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவரிடம் காரின் நிறத்தை மாற்றும் வினைல் ஃபிலிம் ஒட்டிக்கொண்டவர்கள் நீங்கள். ஒட்ட வந்து, திட்டு வாங்கித் திரும்பிப் போனவர்கள் அதைவிட அதிகம். வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நின்றாலே போதும் என்றிருந்த காலம் போய், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகள் பளபளப்பில்லாத கருப்பு, மயில் கழுத்து நீலம் என்று கேட்டுக்கொண்டு வந்த வருஷங்கள் அவை. கிரேஸம்மாவோ முதலில் நிறங்களைக் காட்டவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காரை ஒரு சுற்று தடவிப் பார்ப்பார். எங்கேயாவது பெயின்ட் உப்பியிருந்தால், துரு இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுவார். குடிபாலாவிலிருந்து ஒருவர், எல்லாவற்றையும் மூடி நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்று ஒரு பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தார். "உள்ள உரிஞ்சிக்கினு இருக்கறத மேல ஒட்டி நிறுத்த முடியாது" என்று சொல்லி, டீ கொடுத்து அவரை அனுப்பினார்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. தமிழ்க்காரர்களிடம் "எப்ப எடுப்பீங்க?" என்பார். தெலுங்குக்காரர்களிடம் "எப்புடு தீஸ்தாரு?" ஒட்ட வந்தவனிடம் உரிப்பதைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் பொறுமையாகச் சொல்வார். வினைல் பெயின்ட் இல்லை, ஒரு சட்டை. நம்மூர் வெயிலில் நாலைந்து வருஷம் தாங்கும். அதற்குமேல் விட்டால் பசை இறுகி, உரிக்கும்போது அடியிலிருக்கும் பெயின்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். எடுக்கும் காலம் தெரிந்தவன்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் நிறத்தை மாற்றி எழுதச் சொல்லியும் தொந்தரவு செய்வார். பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினால் எனக்கு ஃபோன் செய்யாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

நாராயணவனத்துப் பையன் ஒருவன் பளபளப்பில்லாத கருப்பு ஒட்டிக்கொண்டு போனான். வீட்டில் அவன் அம்மா பானெட் மேல் மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, அங்கேயே கற்பூரமும் ஏற்றிவிட்டார். மஞ்சள் கறை போகவில்லை. கற்பூரம் எரிந்த இடத்தில் ஃபிலிம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து கிரேஸம்மா, பூஜை முடிந்ததா என்று கேட்காமல் சாவியை வாங்குவதில்லை. பானெட்டைத் தூக்கி, அதன் உள்பக்கத்தில் ஒரு கையகல இடத்தைக் காட்டி, இனிமேல் பொட்டு இங்கேதான் என்று சொல்லியனுப்புவார். சபையில் ஞாயிறு தவறாமல் பாட்டுப் பாடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேலி செய்தேன். "சாமி யாரா இருந்தா இன்னா டெய்லரே, கற கறதானே" என்றார். சீட் உறை தைக்கிற நான் அவருக்கு டெய்லர்.

இனி அந்தச் சாம்பல் நிறக் கார். அது உண்மையில் சிவப்பு. அவருடைய கணவர் சாமுவேல் குவைத்தில் டிரைவர். ஒரு லீவில் வந்தபோது ஆசையாக வாங்கி, லீவு முடிகிறவரை ஊரெல்லாம் ஓட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். சிவப்பு பெயின்ட் வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும். கிரேஸம்மா அதன்மேல் சாம்பல் நிற ஃபிலிமை ஒட்டிவிட்டார். ஆர்.சி.யிலும் சாம்பல் என்றே எழுதி வாங்கினார். அவரிடம் அவர் கேள்வியையே ஒருமுறை கேட்டேன். "அவரு ஒரேடியா வர்ற அன்னிக்கு எடுப்பேன்" என்றார். அது எப்போது என்றேன். முறைத்துவிட்டு, "உங்க வூட்டு சோபா கவர எப்ப எடுப்பே நீ?" என்று திருப்பிக் கேட்டார். என் மகள் அமெரிக்காவிலிருந்து வந்தால் உட்கார என்று வாங்கிய சோபா அது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கோடு அப்படியே இருந்தது.

ஒரு மார்கழி விடியலில் அந்தக் காரில் நானும் அவரும் அவர் தம்பியும் ஒரு வேலையாகப் பலமனேருக்குப் போனோம். மேட்டில் ஏற ஏறப் பனி இறங்கியது. காரும் பனியும் ஒரே நிறம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன், கதவு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மிதந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. கிரேஸம்மா, "கார்ல போய்க்கினு இருக்கறமா, பனியில போய்க்கினு இருக்கறமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். டீக்கடை முன் நிறுத்திக் கதவைத் திறந்தபோது, ஃபிலிம் எட்டாத உள்விளிம்பில் சிவப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

முதல் ஃபிலிமின் காலம் முடிந்ததும் அவரே உரித்தார். பசை இளக நான் ஹீட் கன்னால் சூடு காட்டினேன். சிவப்பு, ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்ததுபோலவே இருந்தது. ஒரு பகல் முழுவதும் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதே சாம்பலை மறுபடி ஒட்டிவிட்டார். இரண்டாவதன் காலம் முடிந்தபோது அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. நான் எடுத்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இரு, அவரு வரட்டும்" என்றார். சாமுவேல் அண்ணனோ இன்னும் ஒரு கான்ட்ராக்ட், இன்னும் ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். லீவில் வந்து அதே சாம்பல் காரைத் துடைத்து ஓட்டிவிட்டுப் போவார்.

அடக்கத்துக்கு வந்தவர் விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேடியாக வந்திருந்தார். சில நாள் கழித்துக் காரை எடுக்க வந்தார். இந்த ஃபிலிம் எதற்காக என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவளுக்குச் சாம்பல் பிடிக்கும்போல என்று நினைத்தேன் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஹீட் கன்னைக் கையில் எடுத்தேன். எனக்கு அது தொழில் இல்லை, பார்த்துப் பழகியதுதான். காலம் கடந்த ஃபிலிம். சிவப்பு அதோடு உரிந்து வந்துவிட்டால் அத்தனை வருஷக் காவலும் வீண். சூடு காட்டி, இழுத்து, நிறுத்தி, மறுபடி சூடு காட்டி உரித்தேன். கூரை ஓரத்தில் நகக்கண் அளவு பெயின்ட் வந்துவிட்டது. மற்றபடி முழுவதும் பிழைத்தது.

சாமுவேல் அண்ணன் காரைச் சுற்றி வந்தார். "இவ்ளோ செவப்பாவா வாங்கினேன் நானு?" என்றார். பானெட் மேல் கையை வைத்தபடி, வெயிலில் வெளுத்துவிடுமே, திரும்ப ஒட்டிவிடலாமா என்று கேட்டார்.

நான் கேட்டேன்: "எப்ப எடுப்பீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாணாம். இப்டியே இருக்கட்டும்" என்று சாவியை வாங்கி, காரை வெயிலில் இறக்கி ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது அதில்தான் சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறார். நேற்றுப் பார்த்தேன், கூரை லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிரேஸம்மாவின் ஃபிலிம் ரோல்களையும் அதை வெட்டும் மெஷினையும் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. சிவப்பு வெளியே வந்த அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய், சோபாவின் பிளாஸ்டிக்கைக் கிழித்து எடுத்தேன். மகள் வந்தால் என்ன சொல்வாள் என்றாள் என் மனைவி. வரட்டும், நகர்ந்து இடம் கொடுப்போம் என்றேன். இப்போது தினமும் அதில் உட்கார்ந்துதான் இருவரும் டீ குடிக்கிறோம்.