ஆறு பச்சைப் புள்ளிகள்

அந்தக் கண்ணாடித் தட்டில் மஞ்சள் புள்ளிகளுக்கு நடுவே ஆறு பச்சைப் புள்ளிகள் இருந்தன. சிதம்பரத்தில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருந்த பாய், தான் வாங்கவிருந்த குஞ்சுகளில் கொஞ்சத்தை முந்தின நாள் பிளாஸ்டிக் பையில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து தந்திருந்தார். அவற்றிலிருந்து வளர்ந்த கிருமிகள்தான் அந்தப் புள்ளிகள். பச்சையாக வளர்வதெல்லாம் இறாலைக் கொல்வதில்லை. கொல்லுமா என்று அறிய இன்னொரு சோதனை வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும்.

அப்போதுதான் அவருடைய போன் வந்தது. "குஞ்சு வண்டி வந்து நிக்குதும்மா. வெயில் ஏறுது, பையிலயே செத்துடும் போல. விடலாமா?"

பச்சையைப் பற்றி நான் பேசவில்லை. "விடுங்க பாய்" என்றேன்.

மூன்றாம் வாரம் அவர் கூப்பிட்டுப் போனேன். கரையோரம் இறால்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குடலில் இரை இல்லை. ஈரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பச்சையாக வளர்பவற்றில் கொல்லும் வகைக் கிருமி இறாலின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு ஈரலை உள்ளிருந்தே உதிர்த்துவிடும். பிறகு எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பில் சேராது.

பச்சையைப் பார்த்தும் சொல்லாததை அங்கேயே அவரிடம் சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் பொறுத்திருப்பேனேம்மா" என்றார். குரல் உயரவில்லை.

நோய் வந்த குளத்துத் தண்ணீரைச் சத்தமில்லாமல் வாய்க்காலில் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அது நேரே அடுத்தவர் குளத்துக்குப் போகும். பாய் மண்மூட்டை அடுக்கி மதகை அடைத்தார். குளம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். பிறகு கரைமேல் நடந்து பண்ணை பண்ணையாகப் போனார். நானும் கூடப் போனேன்.

"எங் குளத்துல சீக்கு வந்துடுச்சி மச்சான். கொஞ்ச நாளைக்கு வாய்க்கா தண்ணி ஏத்தாதீங்க."

கடைசிப் பண்ணைக்காரர் கேட்டார்: "குஞ்ச டெஸ்ட் பண்ணிதான விட்டீங்க?"

பாய் என் பக்கம் திரும்பவேயில்லை. "இல்ல மச்சான். அவசரத்துல நாந்தான் டெஸ்ட் பண்ணாம விட்டுட்டேன்."

அந்த மனிதர் அவரைக் கண்டபடி திட்டினார். பாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

பாய் பண்ணையை விட்டுவிட்டு நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அறிக்கைகளில் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடைசிப் பண்ணைக்காரர் இன்றும் குஞ்சுகளைச் சோதிக்கக் கொண்டுவருகிறார். "பாய் மாதிரி அவசரப்பட மாட்டேம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். நான் பையை வாங்கி, அதில் அவர் பெயரை எழுதுகிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.