வெள்ளச்சியின் கேஸ் ஷீட்

பக்கத்து ஃபிளாட் பெண் உளவியல் முதுகலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு கட்டுக் குறிப்புகளோடு வந்தாள். எந்தக் கோட்பாட்டை யார் சொன்னார்கள் என்று கட்டம் போட்டு, ஹைலைட்டரால் மஞ்சளாகப் பூசியிருந்தாள். "அங்கிள், உணர்வு மழுங்கல்னா என்ன? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்" என்றாள். புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகும் அந்த மையின் ஸ்பிரிட் வாசனை அறையிலேயே நின்றது.

நானும் மையும் கையுமாகத் திரிந்தவன்தான். வியன்னாவின் தாடிக்காரர், நாய்க்கு மணியடித்த ரஷ்யர், கூண்டுப் புறாவைக் கொத்தவிட்ட அமெரிக்கர், இந்த உளவியல் மேதைகள் மூவரையும் சொந்தச் சித்தப்பாக்கள் மாதிரிப் பேசுவேன். டீயில் சர்க்கரை குறைந்தால், கடைக்காரருக்கு அடக்கிவைத்த கோபம் என்பேன். அந்தப் புலமையோடுதான் செங்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஜவ்வாது மலையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் மனநோய் அறிகுறி உள்ளவர்களைக் கண்டுபிடித்து, மாதம் ஒருமுறை முகாமுக்கு வரும் டாக்டரிடம் அனுப்பவேண்டும். இரண்டு மாதம் அலைந்தும் ஒருவரும் அகப்படவில்லை. எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை உங்களிடம் சொல்வதற்கு என்ன, வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்.

மலையில் காலை என்றால் எனக்குச் சாமை வேகிற வாசனை. அந்த வாசனை பிடித்துத்தான் அன்று வெள்ளச்சியின் வீட்டுப் பக்கம் போனேன். அடுப்பில் சாமை கொதிக்கிறது, ஆளைக் காணோம். பின்னால் ஒரு பாறை. அதன்மேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் தனியாக நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். பேசுவாள், நிறுத்துவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், சிரிப்பாள், மறுபடி பேசுவாள். எதிரே பள்ளத்தாக்கும் பனியும்தான். இல்லாத குரலுக்குப் பதில் சொல்லுதல்! பாடத்தில் படித்தது அப்படியே கண்முன் நின்றதும் எனக்குக் கை பரபரத்தது.

இறங்கி வந்தவளிடம், "யார்கிட்டம்மா பேசினீங்க?" என்றேன்.

"எம் பொண்ணு மல்லிகாகிட்டதான் சார் பேசினு இருந்தேன்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"அதோ அங்கதான் கீறா" என்று பனியைப் பார்த்து முகவாயை நீட்டினாள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாய நம்பிக்கை உள்ளவரிடம் எதிர்வாதம் செய்யாதே, தலையாட்டிவிட்டு வா என்று எங்கள் பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். தலையாட்டிவிட்டு வந்தேன். செவிப்புல மாயத்தோற்றம், மாய நம்பிக்கை, நோய் உணர்வின்மை என்று கேஸ் ஷீட்டை நிரப்பினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். முகாமில் அன்று நல்ல கூட்டம். டாக்டர் தாளைப் பார்த்தார், அவளை ஒரு நிமிடம் பார்த்தார், மாத்திரை எழுதினார்.

மாத்திரையை மாதாமாதம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள், பாவம், படித்தவன் சொன்னால் கேட்கிற ஜாதி. முதல் மாதம் தூங்கினாள். இரண்டாம் மாதம் கை நடுங்கியது. மூன்றாம் மாதம் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ உட்கார்ந்தால் ஓட்டவில்லை. பாறைப் பக்கமே போகவில்லை. 'குரல்கள் நின்றுவிட்டன, நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு.

"யம்மா, இன்னா ஆச்சி ஒனுக்கு? மூணு மாசமா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே போச்சி. மழையில எறங்கி வரவும் முடியல. ஏன் பதிலே சொல்ல மாட்டேன்ற?"

மல்லிகா. எதிர்மலை ஊரில் கட்டிக்கொடுத்த பெண். இறங்கி ஏறி வந்தால் அரை நாள். பாறையில் ஏறிக் குரல் கொடுத்தால் அடுத்த நொடி. அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், விதைப்பும் கல்யாணமும் சாவும் எல்லாம். எதிர்மலையின் பதில் அந்த ஊர்க் காதுகளுக்குத் தெளிவாகக் கேட்கும். பஸ் ஹாரனில் வளர்ந்த என் காதுக்கு அது காற்றுச் சத்தம்.

அந்த நிமிடம் நான் பதறியிருக்கவேண்டும். பதறவில்லை. உள்ளே எதுவுமே நடக்கவில்லை, பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருப்பது மாதிரி இருந்தது. டாக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். வெள்ளச்சி தேறினாள். தேறியதும் ஒரு கூடைப் புளி கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னா நோவோ, ஒரேயடியா சாச்சிடுச்சி சார். நீங்க மட்டும் இல்லன்னா போய்ச் சேந்திருப்பேன்."

மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

மல்லிகாவும் கூட வந்திருந்தாள். புருஷனோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போகிறாளாம், சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். அம்மா நகர்ந்ததும் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்: "சார், எங்கம்மாக்கு வந்த பைத்தியம் எனுக்கும் வருமா? எம் புள்ளைக்கு?"

உங்கம்மாவுக்கு ஒன்றுமே இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "மரபும் ஒரு காரணம்தான். எதுக்கும் கவனமா இருங்க" என்றேன்.

இப்போது மலைக்கு மலை செல்போன் கோபுரம். பாறையில் ஏறிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லையாம், போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். வெள்ளச்சி செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. மல்லிகாவின் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்திருக்கும். அவன் தனக்குள் ஏதாவது முணுமுணுத்தால், அவள் வேலையைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள்.